அரையிறுதிக்கு மட்டும் வருகிறவர்

லீக் ஆட்டங்களில் எங்களை அடிக்க ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை, புள்ளிப் பட்டியலைப் பார்த்துத்தான் சொல்கிறேன். போன வருஷம் வரைக்கும் நாலு வருஷமாகத் தொடர்ந்து முதலிடம். அதே நாலு வருஷமாகத் தொடர்ந்து அரையிறுதியில் தோல்வி. கெடா மாநிலத்தில் பீடோங்கிலிருந்து கூலிம் வரைக்கும் பந்து பார்க்கிறவர்கள் எங்கள் டீமுக்கு ஒரு பெயரே வைத்துவிட்டார்கள்: நிச்சயதார்த்த மாப்பிள்ளை. பரிசம் போடுவது வரைக்கும் ஜோராக நடக்கும், கல்யாணம் மட்டும் நடக்காது. பாசாரில் மீன் வாங்கப் போனால்கூட, "என்ன ஷாமளா, இந்த வருஷமாவது தாலி ஏறுமா?" என்று கேட்பார்கள். எனக்கு ஏறிய கோபத்தில் மீனே வேண்டாமென்று திரும்பி வந்த நாளும் உண்டு. அன்றைக்கு வீட்டில் முட்டைக் குழம்புதான்.

டீமின் பெயர் லாலாங் ஸ்டார்ஸ். சுங்கை லாலாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, இப்போது சுங்கைப்பட்டாணியின் தாமான் குடியிருப்பு வீடுகளில் குடியிருக்கிறவர்கள்தான் ஆட்டக்காரர்கள். என் கணவர் திவாகரன் கோச். நான் செயலாளர். எனக்குப் பந்தை உதைக்கத் தெரியாது. ஆனால் கையுறைத் தொழிற்சாலை ஒன்றில் ஷிஃப்டுக்கு ஆள் போடுவது என் வேலை, அந்த வேலைதான் என்னை இந்த டீமுக்குள் இழுத்துவிட்டது.

எங்கள் ஆட்டக்காரர்கள் இருபத்திரண்டு பேர். பாதிப் பேருக்குத் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், மீதிப் பேர் லாரி, வேன், கடை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆட்டம் என்றால் அத்தனை பேரும் வந்து நிற்பது நடக்காத காரியம். நான் வருவதற்கு முன்னால் ஒன்பது பேரோடு திடலில் இறங்கி உதை வாங்கிக்கொண்டு வருவார்கள். நான் வந்து ஒரு பட்டியல் போட்டேன். யாருக்கு எந்த வெள்ளி ஓய்வு, யார் யாரோடு ஷிஃப்ட் மாற்றிக்கொள்ளலாம், எல்லாம் அதில் இருக்கும். திவாகரனும் அதற்கேற்ப ஆட்டத்தை மாற்றிக்கொண்டார். யார் பக்கத்தில் யார் நின்றாலும் ஆட வேண்டும், கோல் பக்கத்தில் எவன் இருக்கிறானோ அவன் அடிக்க வேண்டும், அவ்வளவுதான் அவருடைய பாடம். ஒரு லீக்குக்குப் பதினாலு ஆட்டம். ஒரே பதினொரு பேர் இரண்டு தடவை இறங்கியதே இல்லை. போன வருஷம் எங்களுக்கு ஒன்பது பேர் கோல் போட்டிருந்தார்கள். மற்ற டீம்களுக்கு எங்களில் யாரைப் பிடிப்பது என்றே தெரியாது.

முதல் நாலு டீமுக்கு அலோர் ஸ்டாரில் சனிக்கிழமை அரையிறுதி. அன்றைக்கு மட்டும் எல்லாரும் எப்படியோ லீவு எடுத்துவிடுவார்கள். அன்றைக்கு மட்டும் என் அண்ணனும் வருவார்.

பரஞ்சோதி அண்ணனைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு வாய் கொஞ்சம் அடங்கிவிடும். என்னைவிட ஆறு வயது மூத்தவர். இருபது வயதில் கெடா மாநில இளைஞர் அணிக்கு ஆடினார். எங்கள் தோட்டத்திலிருந்து அந்த ஜெர்சியைப் போட்டது அவர் ஒருவர்தான். அப்பா இறந்தபோது நான் மூன்றாம் படிவம் படித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் மறு மாதமே பந்தை விட்டுவிட்டு ஜோகூருக்குப் போய், அங்கிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தார். நான் பாலிடெக்னிக் முடித்தது அவரால். இன்றைக்கு நான் நாலு பேர் முன்னால் கைநீட்டிப் பேசுகிறேன் என்றால் அதுவும் அவரால்தான். இப்போது அவருக்கு முப்பத்தெட்டு. அங்கேயும் ஏதோ ஒரு கிளப்பில் ஆடுகிறேன் என்று சொல்லியிருந்தார்.

எங்கள் டீம் முதல் தடவை அரையிறுதிக்குப் போனபோது தலைவர் முருகையா என் அண்ணனுக்குப் போன் போட்டார். முருகையா தோட்டத்தில் கங்காணி மாதிரி இருந்த பழைய மண்டோர், அறுபது தாண்டியவர், டீமுக்கு வேனும் ஜெர்சியும் அவர் ஏற்பாடு. "ஜோதி, நம்ம தோட்டம் செமிக்குப் போயிருக்கு. நீ இல்லாம எப்படி? வந்துடு" என்றார். அண்ணன் வந்தார். அடுத்த வருஷமும் போன், அடுத்த வருஷமும் வந்தார். மூன்றாம் வருஷம் அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. பேனர் அடித்தால் நடுவில் அண்ணன் முகம்தான் பெரிதாக இருக்கும். வருஷம் முழுக்க ஆடியவர்கள் எல்லாம் ஓரத்தில் தபால்தலை அளவில் இருப்பார்கள். கேப்டன் பட்டையும் அன்றைக்கு அவர் கைக்குப் போய்விடும்.

தோற்ற ஒவ்வொரு வருஷமும் ஒரு காரணம் தயாராக இருந்தது. முதல் வருஷம் மழை. அப்புறம் ரெஃபரி. அதற்கடுத்த வருஷம் ஆட்டத்துக்கு முன்னால் பிரியாணி தின்றது தப்பு என்றார்கள், பிரியாணி தின்னாத ஆட்களும் அதை ஒத்துக்கொண்டார்கள். போன வருஷம் ஜெர்சி நிறம் ராசியில்லை என்று முருகையா சொன்னபோது நான் கூட்டத்திலிருந்து எழுந்து வந்துவிட்டேன். துணிக்கு என்ன தெரியும்?

இந்த வருஷம் லீக் முடிந்து மறுபடியும் முதலிடம் வந்த வாரம், ஒரு ஓய்வு நாளில் உட்கார்ந்து போன வருஷத்து அரையிறுதி வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். தொழிற்சாலையில் ஒரு லைன் மெதுவாக ஓடினால் எந்த மெஷினில் சாமான் தேங்குகிறது என்று பார்ப்போம். அதே புத்தியில்தான் பார்த்தேன். பந்து எங்கே தேங்குகிறது என்று ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். அரை மணி நேரத்தில் தாளைக் கீழே வைத்துவிட்டேன். பந்து அண்ணன் காலில்தான் தேங்கியது.

அது அவர் தப்பு இல்லை. எல்லாரும் அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். சைடில் ஓடுகிற கவிலனுக்கு எதிரே கோல்கீப்பரைத் தவிர யாருமில்லை, ஆனாலும் அவன் திரும்பி அண்ணனைத் தேடுகிறான். பின்னாலிருந்து முன்னுக்கு வந்தவன் அடிக்கக் காலைத் தூக்கிவிட்டு, "அண்ணே" என்று தள்ளிவிடுகிறான். அவர்களுக்கு அடிக்கத் தெரியாமல் இல்லை. வீட்டுக்குப் பெரியவர் சாப்பிட உட்காராமல் நாம் சோற்றில் கை வைக்க மாட்டோமே, அந்த மாதிரி. அதற்கு முந்தின வருஷம் எங்களுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. லீக் முழுக்கப் பெனால்டி அடிக்கிற யுகேந்திரன் அன்றைக்கு பெஞ்சில். பந்தை எடுத்து வைத்தவன் அண்ணன் கையில் கொடுத்தான். அண்ணன் அடித்தார், கீப்பர் பிடித்தான். திடல் மேடுபள்ளம் என்று எல்லாரும் அண்ணனுக்கு ஆறுதல் சொன்னார்கள்.

யுகேந்திரன் கோழி லாரி ஓட்டுகிறவன். அண்ணன் நிற்கிற இடம்தான் அவன் இடம். இந்த வருஷம் லீக்கில் பதினோரு கோல் போட்டிருந்தான். நாலு வருஷமாக அரையிறுதியில் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறான், ஒரு வார்த்தை முணுமுணுத்ததில்லை. எனக்கு அவனைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

திவாகரனைக் கூப்பிட்டு வீடியோவைக் காட்டினேன். பார்த்து முடித்துவிட்டு, கழுத்தைச் சொறிந்துகொண்டார்.

"எனக்கும் தெரியும்" என்றார்.

"எத்தன நாளா?"

"ரெண்டாவது வருஷத்துலேர்ந்து."

"அப்புறம் ஏன் ஒண்ணும் சொல்லல?"

"என்னா சொல்லச் சொல்ற? மச்சான் வேணாம், நீங்க வீட்டுல இருங்கன்னா? அவரு என்னைய என்னா நினைப்பாரு. உங்க அண்ணன், நீ சொல்லு."

"கோச்சு நீங்களா, நானா?"

"நான் கோச்சுதான். அவருக்கு நான் மாப்ளயும்தான லா."

அதற்கு மேல் அவரிடம் பேசிப் பயனில்லை. இந்த மனிதர் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார், இரண்டு டன் சாமானை முட்டாமல் திருப்புவார். என் அண்ணன் பக்கம் மட்டும் ஒரு அங்குலம் திருப்ப மாட்டார். ஆனால் அவர் வேறொன்றும் சொன்னார், அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. இந்த வருஷமும் இறுதி ஆட்டத்துக்குப் போகாவிட்டால் கோச் வேலையை விட்டுவிடுவாராம். "அவனுங்க முகத்தப் பார்த்து இன்னொரு தடவ பரவாயில்லன்னு சொல்ல என்னால முடியாது" என்றார்.

அன்றிலிருந்து நான் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். அண்ணனிடம் எப்படிச் சொல்வது? எனக்காகப் பந்தை விட்டவரிடம், வருஷத்தில் அந்த ஒரு நாளையும் விட்டுவிடுங்கள் என்று நான் சொல்வதா? ஒரு தடவை போன் போட்டேன். "சொல்லு பாப்பா" என்றார். பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். மறு நாள் முருகையா போன் போட்டுக் கூப்பிட்டுவிட்டார். அண்ணன் வருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானமே அண்ணனும் அண்ணி லோகேஸ்வரியும் காடியில் வந்து இறங்கினார்கள். ஒன்பது மணி நேரம் ஓட்டியிருக்கிறார். முருகையா ஆள்களோடு வந்து மாலை போட்டார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

சனிக்கிழமை காலை பசியாற உட்கார்ந்தோம். தோசை வார்த்துக்கொண்டே, இப்போது சொல்லிவிடலாம், இந்தத் தோசை வெந்ததும் சொல்லிவிடலாம் என்று நாலு தோசை வார்த்துவிட்டேன்.

"யுகேன் இந்த வருஷம் எத்தன கோலு?" என்று அண்ணன் கேட்டார்.

"பதினொண்ணு."

"நல்லா ஆடுறான்."

"ஆமாண்ணே, ரொம்ப நல்லா ஆடுறான்" என்றேன். அப்படியே பேச்சை நீட்டியிருக்கலாம். வாசல் திறந்தே கிடந்தது, நான்தான் நுழையவில்லை. அவர் சட்டினியைத் தொட்டுக்கொண்டு, "எத்தன மணிக்குக் கெளம்பணும்?" என்றார். ரெண்டு மணிக்கு என்றேன். அடுப்பை அணைத்துவிட்டு என்னையே திட்டிக்கொண்டேன்.

எதிர் டீம் புக்கிட் செலம்பாவ். பட்டியலில் நாலாவது இடம், கடைசி ஆட்டத்தில் தட்டுத்தடுமாறி உள்ளே வந்தவர்கள். லீக்கில் அவர்களை இரண்டு தடவையும் தோற்கடித்திருந்தோம், ஒரு தடவை நாலு கோல். அவர்களுடைய ஆள்கள் அலோர் ஸ்டாருக்கு முப்பது மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார்கள். ஒருவன் மைக்கே கொண்டுவந்திருந்தான். "மாப்பிள்ளை வந்துட்டாரு, பந்தி போடுங்க" என்று அவன் கத்தியதும் அந்தப் பக்கம் முழுக்கச் சிரிப்பு.

ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. போன வருஷ வீடியோவை மறுபடி போட்ட மாதிரிதான் இருந்தது. புக்கிட் செலம்பாவ் கோச் முட்டாள் இல்லை. அண்ணனுக்கு முன்னால் ஒருவன், பின்னால் ஒருவன், அவ்வளவுதான். மற்றவர்களை அவர்கள் பிடிக்கவே இல்லை. பிடிக்கத் தேவையும் இல்லை, ஏனென்றால் பந்து எப்படியும் அண்ணனிடம்தான் வரும். எங்களுடைய பத்துப் பேர் ஓடி ஓடிப் பந்தை எடுத்து, மொய் வைக்கிற மாதிரி அவரிடம் கொண்டுபோய் வைத்தார்கள். இருபத்தாறாம் நிமிடம் அப்படி வைத்த ஒரு பந்தைப் பிடுங்கிக்கொண்டு போய் அவர்கள் கோல் போட்டார்கள்.

முதல் பாதி முடிகிற நேரத்தில் கவிலன் தனியாகக் கோலை நோக்கிப் போனான். கீப்பர் முன்னால் வந்துவிட்டான், வலது பக்கம் முழுக்கக் காலி. நான் எழுந்து நின்றுவிட்டேன். கவிலன் நின்றான். பின்னால் பார்த்தான். அண்ணன் இருபது அடி தள்ளி, மூச்சு வாங்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். அவன் பந்தைப் பின்னால் தள்ளினான். பந்து அண்ணனுக்கும் வரவில்லை, யாருக்கும் வரவில்லை.

இடைவேளைக்கு எல்லாரும் கொட்டகை நிழலுக்கு வந்தார்கள். யுகேந்திரன் வழக்கம்போல் ஆளுக்கொரு போத்தல் எடுத்துக் கொடுத்தான். அண்ணனுக்கு மூடியைத் திறந்து கொடுத்தான். அதைப் பார்த்ததும் எனக்குள் என்னமோ அறுந்துவிட்டது.

"அண்ணே" என்றேன். "நீங்க போதும். உக்காருங்க. யுகேன் போகட்டும்."

யாரும் போத்தலை வாயில் வைக்கவில்லை. முருகையாதான் முதலில் வாய் திறந்தார்.

"ஷாமளா, நீ சும்மா இரு. ஆட்டத்தப் பத்தி கோச் பேசட்டும்."

எல்லாரும் திவாகரனைப் பார்த்தார்கள். அவர் தன் காலில் இருந்த சப்பாத்தைப் பார்த்தார். பத்து வருஷக் குடித்தனத்தில் அவரை நினைத்து எனக்கு அவ்வளவு பயம் வந்ததில்லை, இந்த மனிதர் இப்போதும் நழுவிவிடுவாரோ என்று. பிறகு, சப்பாத்தைப் பார்த்தபடியே, "அவ சொல்றதுதான் சரி, மச்சான்" என்றார்.

அண்ணன் போத்தலைக் கீழே வைத்தார். கையிலிருந்த கேப்டன் பட்டையைக் கழற்றினார். கோல்கீப்பர் பிச்சைதான் லீக் முழுக்கக் கேப்டன், அவன் கையில் மாட்டிவிட்டார். யுகேந்திரன் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். போய் பெஞ்சின் கோடியில் உட்கார்ந்து, சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அவர் போட்ட சோற்றைத் தின்று வளர்ந்த வாயால்தான் அதைச் சொன்னேன். இருபது பேர் முன்னால் சொன்னேன். தனியாகச் சொல்ல அத்தனை நாள் கிடைத்தும் சொல்லாதவள்.

இரண்டாம் பாதியில் எங்கள் டீம் வந்தது. அப்படித்தான் சொல்ல வேண்டும், அதுவரை அது வரவே இல்லை. அண்ணனைப் பிடித்துக்கொண்டிருந்த புக்கிட் செலம்பாவ்காரர்கள் இரண்டு பேரும் யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மைக்காரன் சத்தம் குறைந்தது. அறுபத்திரண்டாம் நிமிடம் கவிலன், அதே இடத்தில், அதே மாதிரி தனியாகப் போனான். இந்தத் தடவை யாரையும் தேடவில்லை. அடித்தான். ஒன்றுக்கு ஒன்று.

அதற்குப் பிறகு இரண்டு தடவை கம்பத்தில் பட்டது. ஒரு தடவை அவர்கள் கீப்பர் எப்படிப் பிடித்தான் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. இன்னும் இருபது நிமிடம் இருந்திருந்தால் மூன்று கோல் போட்டிருப்போம். ஆனால் நேரம் முடிந்துவிட்டது. கூடுதல் நேரம் கிடையாது, நேராகப் பெனால்டி.

நாலுக்கு நாலு. அவர்களுடைய ஐந்தாவது ஆள் போட்டுவிட்டான். எங்கள் ஐந்தாவது ஆள் யுகேந்திரன். லீக்கில் ஒரு பெனால்டிகூட விட்டதில்லை. பந்தை வைத்தான், நாலு அடி பின்னால் போனான், அடித்தான். இடது கம்பத்தில் பட்டு வெளியே போனது.

அவ்வளவுதான். முப்பது மோட்டார் சைக்கிளும் ஒன்றாக ஹாரன் அடித்தன. யுகேந்திரன் அங்கேயே குந்திவிட்டான். எங்கள் பக்கத்து வேலி ஓரமாக நின்றவர்கள் என் காதில் விழட்டும் என்றே பேசினார்கள். ஜோதி இருந்திருந்தால் போட்டிருப்பார். ஸ்டேட் பிளேயரைத் தூக்கி உட்கார வைத்தால் இப்படித்தான். பொம்பளை பேச்சைக் கேட்டு ஆடினால் எங்கே விளங்கும். நான் பதில் சொல்லாமல் நின்றது அன்றைக்குத்தான் முதல் தடவை. ஒருவேளை அவர்கள் சொல்வது சரியாக இருந்தால்? டீமையும் தோற்கடித்து, அண்ணனையும் அவமானப்படுத்திவிட்டேனோ?

அண்ணன் செருப்பைப் போட்டுக்கொண்டு திடலுக்குள் நடந்து போனார். யுகேந்திரன் பக்கத்தில் குந்தி, தோளைப் பிடித்து ஏதோ சொன்னார். அவன் அழுதுகொண்டே தலையாட்டினான். அவனை எழுப்பி திவாகரனிடம் விட்டுவிட்டு, நான் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு வந்தார். நான் எழுந்துவிட்டேன்.

"அண்ணே, நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. எல்லாரும் சொல்றாங்க, நீங்க இருந்திருந்தா அந்தப் பெனால்டிய..."

"நான் அடிச்சிருந்தா அந்தப் பந்து இந்நேரம் ஹைவேயில உருண்டுகிட்டு இருக்கும்" என்றார். "உக்காரு."

உட்கார்ந்தேன். அவரும் உட்கார்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பாப்பா, நான் வருஷத்துக்கு ஒரே ஒரு மேட்ச்தான் ஆடுறேன். உங்க செமி."

"ஜோகூர்ல கிளப்புல ஆடுறேன்னீங்களே."

"அது எப்பவோ. காலையில நாலு மணிக்கு எழுந்து சிங்கப்பூர்ப் பாலத்தத் தாண்டணும், வீட்டுக்கு வர ராத்திரி ஒம்பது. இதுல எங்க போய் ஆடுறது? இந்த ஒரு நாள் ஓடிட்டு ஒரு மாசம் நொண்டிக்கிட்டுத் திரியறேன். உங்க அண்ணிகிட்ட கேட்டுப் பாரு."

"அப்புறம் ஏண்ணே வந்தீங்க?"

"கூப்பிட்டீங்க."

"வரமுடியாதுன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிச் சொல்றது? தலைவரு போன் போடுறாரு, பேனர்ல மூஞ்ச போடுறாரு, மாலை போடுறாரு. நான் வரலன்னா, ஊரு மறந்துட்டான், சிங்கப்பூர் காசு ஏறிடுச்சுன்னுதான பேசுவாங்க. உனக்கும் மாப்ளைக்கும் அசிங்கம்." துண்டை மடித்துத் தொடையில் வைத்துக்கொண்டார். "போன வருஷம் ஜெர்சியப் போடும்போது, யாராச்சும் வேணாம்னு சொல்லிட மாட்டாங்களான்னுதான் பார்த்துக்கிட்டு இருந்தேன். மாப்ள சொல்ல மாட்டாரு, தெரியும். நீ சொல்லுவன்னு நெனச்சேன். உனக்குத்தான் வாய் இருக்கே."

நான் அழுதுவிட்டேன். அவர் கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். நான் அவருக்கு மரியாதை செய்கிறேன் என்று நாலு வருஷம் அவரை நொண்ட விட்டிருக்கிறேன். அவர் எங்களுக்கு மரியாதை செய்கிறேன் என்று ஒன்பது மணி நேரம் ஓட்டி வந்து தோற்றுக் கொடுத்திருக்கிறார். இரண்டு மரியாதைக்கும் நடுவில் யுகேந்திரன் போத்தல் மூடியைத் திறந்துகொண்டிருந்தான். காலையில் தோசை வார்க்கும்போது சொல்லியிருந்தால்கூட இன்றைக்கு முழு ஆட்டம் கிடைத்திருக்கும். இருபது நிமிடம்தான் எங்களுக்குக் குறைந்தது, நான் நாற்பத்தைந்து நிமிடத்தைத் தூக்கிக் கொடுத்திருந்தேன்.

"அழாத லா" என்றார் அண்ணன். "பாக்குறாங்க."

அப்போது முருகையா எங்களை நோக்கி வந்தார். என்னைப் பார்க்கவே இல்லை. நேராக அண்ணன் முன்னால் நின்று, அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பாவம், அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

"மனசுல வச்சுக்காத, ஜோதி. சின்னப் பிள்ளைங்க பேச்சு. அடுத்த வருஷம் முழு மேட்சும் நீதான் ஆடுற. நான் இருக்கேன். வந்துடணும், சரியா?"

நான் அண்ணனைப் பார்த்தேன். ஒரு நிமிடம் முன்னால் என்னிடம் அத்தனையும் சொன்ன மனிதர். இப்போது அவர் முதுகு நிமிர்ந்தது, முகத்தில் பேனரில் இருக்கிற அதே சிரிப்பு வந்தது, வாய் தானாகத் திறந்தது.

"சரிங்க தலைவரே, கண்டிப்பா வந்து..."

"வர மாட்டாரு" என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"அடுத்த வருஷம் அண்ணன் ஆட வர மாட்டாரு, தலைவரே. அவரால ஆட முடியல. யுகேந்திரன்தான் ஆடுவான்."

முருகையா அண்ணனைப் பார்த்தபடி நின்றார், அவர் மறுத்துப் பேசட்டும் என்று. அண்ணன் தரையைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையசைத்தார். முருகையா பிடித்திருந்த கையை விட்டுவிட்டு, வேன் பக்கம் நடந்தார். அடுத்த கூட்டத்தில் என் பெயர் நன்றாக அடிபடும் என்று தெரியும். அடிபடட்டும்.

அண்ணன் பெரிதாக ஒரு மூச்சு விட்டார். ஒரு மூச்சில் முடிகிற பேச்சு இது, அவ்வளவுதான். இதைச் சொல்லாமல் இருந்ததற்கு நாங்கள் கொடுத்தது ஐந்து அரையிறுதி.